முப்பது நாள் வேண்டாம் தம்பி, இருபது நாள் போய் வாருங்கள்

கேள்வி: அக்கா, வணக்கம். எனக்கு வயது 25. ஈரோடு பக்கத்தில் ஒரு டூவீலர் சர்வீஸ் சென்டரில் மெக்கானிக். வெளிநாடு போய்ப் பார்க்க வேண்டும் என்று சிறுகச் சிறுகச் சேர்த்து 85,000 ரூபாய் வைத்திருக்கிறேன். ஜனவரி நடுவில் கிளம்பி, முப்பது நாளில் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் மூன்றையும் பார்த்துவிடலாம் என்று திட்டம். டிக்கெட் 25,000. நாளுக்கு 1,000 வீதம் செலவு 30,000. மீதி 30,000 அம்மாவிடம் இருக்கும். யூடியூபில் ஒருவர் நாளுக்கு 600 ரூபாயில் முடித்ததாகச் சொல்கிறார். என்னால் ஆயிரத்தில் முடியாதா? அங்கே பைக் வாடகைக்கு எடுத்து மலையில் ஓட்ட ரொம்ப ஆசை. டெலிகிராம் குரூப்பில் ஒருவர் லாவோசில் இரண்டு வாரம் டேட்டா என்ட்ரி வேலை இருக்கிறது, தங்குமிடமும் சாப்பாடும் இலவசம் என்கிறார். போனால் செலவு மிச்சமாகுமா? பாஸ்போர்ட் இனிமேல்தான் எடுக்க வேண்டும். தனியாகச் சென்னையைத் தாண்டி நான் போனதில்லை என்பதால் அம்மாவுக்குப் பயம்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். லாவோஸ் வேலைக்குப் போகாதீர்கள். அந்த ஆளுக்கு ஆதார் நகல், போட்டோ, வங்கி விவரம் எதையும் அனுப்பாதீர்கள். குரூப்பை விட்டு இன்றைக்கே வெளியே வந்துவிடுங்கள்.

லாவோஸ், கம்போடியா, மியான்மார் எல்லைப் பகுதிகளில் ஆன்லைன் மோசடிக் கூடங்கள் நடக்கின்றன. கம்ப்யூட்டரில் டைப் செய்யத் தெரிந்த நம் ஊர்ப் பையன்களை டேட்டா என்ட்ரி, கஸ்டமர் சப்போர்ட் என்று சொல்லி டூரிஸ்ட் விசாவில் வரவழைக்கிறார்கள். போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, போனில் ஆட்களை ஏமாற்றிப் பணம் பறிக்கும் வேலையில் உட்கார வைக்கிறார்கள். மாட்டேன் என்றால் அடி உதை, விட்டுவிடு என்றால் லட்சக்கணக்கில் பணம். லாவோசில் கோல்டன் டிரையாங்கிள் என்ற பொருளாதார மண்டலமும், மியான்மாரில் மியாவாடி பகுதியும் இதற்குப் பேர்போனவை. நம் வெளியுறவு அமைச்சகம் 2022 முதலே திரும்பத் திரும்ப எச்சரித்துவருகிறது. 2025 மார்ச்சில் மட்டும் மியான்மாரில் சிக்கிய 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் அழைத்துவந்தார்கள். அத்தனை பேரும் உங்களைப் போல ஒரு நல்ல வாய்ப்பு என்று நம்பித்தான் போயிருப்பார்கள். முகம் தெரியாத ஒருவனுக்கு இரண்டு வாரத்துக்குச் சோறும் படுக்கையும் போட்டு டேட்டா என்ட்ரி வேலை கொடுக்க எந்த ஒழுங்கான நிறுவனத்துக்கும் அவசியம் கிடையாது.

ஹாஸ்டலில் வரவேற்பறையில் நின்றால் படுக்கை இலவசம் என்று சிலர் சொல்வார்கள். அது இந்த அளவுக்கு ஆபத்தில்லை. ஆனால் டூரிஸ்ட் விசாவில் எந்த வேலையும் செய்யக் கூடாது என்பதுதான் அங்கே சட்டம். அதை நம்பி பட்ஜெட் போட வேண்டாம்.

சரி, இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். கையில் 85,000. பாஸ்போர்ட் கட்டணம் 1,500. டிக்கெட் 25,000 என்ற உங்கள் கணக்கு முன்கூட்டியே வாங்கினால் நடக்கக்கூடியதுதான். வியட்நாம் இ-விசா ஒருமுறை நுழைய 25 டாலர், சுமார் 2,300 ரூபாய். பயணக் காப்பீட்டுக்கு 1,500. சிம் கார்டு, ஈரோட்டிலிருந்து விமான நிலையம் போக வர என்று 2,500. ஆக, வெளிநாட்டில் ஒரு வாய் சாப்பிடும் முன்பே 32,800 போய்விடுகிறது. மீதி 52,200. அதில் 15,000-த்தைத் தொடாமல் வைக்க வேண்டும், ஏன் என்று பிறகு சொல்கிறேன். கைக்கு வருவது 37,200.

மூன்று நாடு என்றால் இதிலிருந்து என்னென்ன போகும் என்று பாருங்கள். கம்போடியா விசா 30 டாலர். லாவோஸ் விசா அந்த அளவு அல்லது கொஞ்சம் கூடுதல். இரண்டுக்கும் ஏறத்தாழ 6,000. கம்போடியா போய் அங்கோர் வாட் பார்க்காமல் வரப் போவதில்லை. அதற்கு ஒருநாள் டிக்கெட் 37 டாலர், 3,300 ரூபாய் ஆகிவிடும். மூன்று நாட்டுக்குள் பஸ் மாறி மாறிப் போக 10,000 என்று குறைவாகவே போடுகிறேன். மிச்சம் 17,900. முப்பதால் வகுத்தால் நாளுக்கு 600 ரூபாய். அந்த யூடியூபர் சொன்ன தொகையிலேயே நீங்களும் போய் நிற்பீர்கள், உங்களுக்கு விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அறுநூறில் முடித்தேன் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. அவர்கள் டிக்கெட், விசா, காப்பீடு எதையும் நாள் கணக்கில் சேர்ப்பதில்லை. லாரியில் லிஃப்ட் கேட்டுப் போகிறார்கள், தெரிந்தவர், தெரியாதவர் வீட்டில் தங்குகிறார்கள். வீடியோவில் வரும் ஹாஸ்டலே சில சமயம் விளம்பரத்துக்காக இடம் கொடுத்திருக்கும். அவர்களுக்கு அந்தப் பயணம் ஒரு தொழில், பார்வையாளர் எண்ணிக்கையில் போட்ட பணம் திரும்பி வந்துவிடும். நீங்கள் போவது சொந்தக் காசில், பார்த்து அனுபவிக்க. அவர்கள் செலவுக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

என் யோசனை இதுதான்: நாள் செலவைக் குறைக்காதீர்கள், நாட்களைக் குறையுங்கள். வியட்நாம் மட்டும், இருபது நாள். உள்ளூரில் ஊர்விட்டு ஊர் போக 7,000 ஒதுக்கினால் மீதி 30,200. நாளுக்கு 1,500 ரூபாய் வரும். ஆயிரத்துக்கும் ஆயிரத்து ஐந்நூறுக்கும் உள்ள அந்த ஐந்நூறு ரூபாய் ரொம்பப் பெரிய விஷயம். ஆயிரத்தில் போகிறவர் தினமும் சாப்பாட்டுக் கடை வாசலில் நின்று கணக்குப் போடுவார், அருங்காட்சியகத்தை வெளியிலிருந்தே பார்த்துவிட்டு வருவார். ஆயிரத்து ஐந்நூறில் போகிறவர் உள்ளே போவார்.

பட்ஜெட் பயணத்தில் பணத்தைத் தின்பது சாப்பாடு இல்லை தம்பி, நகர்வதுதான். ஒரே ஊரில் இருக்கும் நாளில் 1,200, 1,300-த்தில் வசதியாகவே முடித்துவிடலாம். ஊர் மாறும் நாளில் பஸ்ஸுக்கு மட்டும் 800 முதல் 1,300 வரை போகும். போதாததற்கு பஸ் நிலையத்திலிருந்து ஹாஸ்டல் வரை, பசியில் கிடைத்த இடத்தில் சாப்பாடு, சோர்வில் பேரம் பேசாமல் ஏறிய வண்டி என்று சில்லறையாகக் கரையும். டிக்கெட் ஏஜென்டான என்னிடம் டிக்கெட் போட்டுப் போய்விட்டு வந்து பணம் பத்தவில்லை என்று சொன்னவர்களில் பெரும்பாலோர் இரண்டு நாளுக்கு ஒரு ஊர் என்று ஓடியவர்கள். ஒரு ஊரில் மூன்று, நான்கு நாள் இருந்தால் எந்தக் கடையில் விலை குறைவு, எந்த வழியில் நடந்தே போகலாம் என்று தெரிந்துவிடும். ஊரும் மனதில் நிற்கும்.

வியட்நாம் பணத்துக்கு டாங் என்று பெயர், ஒரு லட்சம் டாங் என்றால் ஏறத்தாழ 340 ரூபாய் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஹாஸ்டலில் டார்மிட்டரி படுக்கை ஒரு லட்சத்து முப்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் டாங் வரை. பல இடங்களில் காலை உணவும் சேர்த்தி. படுக்கைக்குத் திரைச்சீலையும், பூட்டுகிற பெட்டியும் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். பூட்டு நீங்களே கொண்டுபோக வேண்டும். இருக்கிறதிலேயே மலிவான படுக்கையை எடுக்காமல், அதற்கு அடுத்த விலையில் விமர்சனம் நன்றாக இருப்பதை எடுங்கள். நூறு ரூபாய் வித்தியாசத்தில் தூக்கம் கிடைக்கும். சரியாகத் தூங்காமல் பத்து நாள் அலைந்தால் உடம்பு படுத்துவிடும், அந்தச் செலவு பெரிது.

சாப்பாட்டில் வியட்நாம் நமக்குத் தோதான நாடு. அங்கேயும் சோறுதான் பிரதானம். கோம் என்று பலகை வைத்த சின்னக் கடைகளில் சோறும், கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் கறி, காய்களில் நீங்கள் கைகாட்டும் இரண்டு மூன்றும் சேர்த்து நாற்பது ஐம்பதாயிரம் டாங். 150 ரூபாய்க்கு வயிறு நிறையும். பான் மீ என்கிற ரொட்டி சாண்ட்விச் இருபது முப்பதாயிரம். ஃபோ என்கிற நூடுல்ஸ் சூப் ஐம்பதாயிரம் அளவில். மூன்று வேளையும் ஒரு காப்பியும் சேர்த்து நாளுக்கு 500 ரூபாயில் நன்றாகச் சாப்பிடலாம். மாட்டிறைச்சி சாப்பிட மாட்டீர்கள் என்றால், 'போ' என்பது மாடு, 'கா' என்பது கோழி என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். காய்கறிச் சாப்பாடு மட்டும் வேண்டும் என்றால் 'சாய்' என்று கேளுங்கள். பௌத்தர்கள் நிறைய இருப்பதால் சைவக் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு, பெரும்பாலும் மலிவாகவே இருக்கும். மற்றக் கடைகளில் காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு ஊற்றியிருப்பார்கள்.

பருப்புப் பொடி ஒரு பாக்கெட் எடுத்துப் போங்கள். வெறும் சோறு எங்கும் கிடைக்கும், நாக்கு செத்துப்போன நாளில் அது கைகொடுக்கும். எண்ணெய் ஊறுகாய் வேண்டாம், கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது. ஹாஸ்டல்களில் சுத்திகரித்த தண்ணீர் இலவசமாகப் பிடித்துக்கொள்ளலாம், ஒரு லிட்டர் பாட்டில் கையில் இருக்கட்டும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சந்தையில் சட்டை வாங்கும்போது தாராளமாகப் பேரம் பேசுங்கள், அங்கே அது வழக்கம். ஆனால் விடியற்காலை நடைபாதையில் அடுப்பு மூட்டிச் சூப் விற்கும் அம்மாவிடம் ஐந்தாயிரம் டாங்குக்கு மல்லுக்கு நிற்காதீர்கள். நமக்கு அது பதினேழு ரூபாய். குறைந்த செலவில் பயணம் போவது நம் விருப்பம், அந்தச் சுமையை நம்மைவிட ஏழையானவர் தலையில் வைக்கக் கூடாது. காசு தீர்ந்துவிட்டது என்று தெருவில் அட்டை பிடித்து உட்காரும் வெளிநாட்டுப் பயணிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்த நிலை வராமல் இருக்கத்தான் 15,000-த்தைத் தொடாதீர்கள் என்றேன். காய்ச்சல், தவறவிட்ட விமானம், தொலைந்த போன், வீட்டில் அவசரம் என்று உடனே திரும்ப ஒரு டிக்கெட், இவற்றில் எது வந்தாலும் அந்தப் பணம் வேண்டும். அம்மாவிடம் ரொக்கமாகக் கொடுத்தால் அங்கே உங்களுக்கு எட்டாது. உங்கள் கணக்கிலேயே, வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்ட தனிக் கார்டில் இருக்கட்டும். செலவாகாமல் திரும்பி வந்தால் அப்போது அம்மா கையில் கொடுங்கள்.

வழி எப்படிப் போடலாம் என்றால், தெற்கே ஹோ சி மின் சிட்டியில் இறங்கி வடக்கே ஹனோயில் ஏறுங்கள். இரண்டு நகருக்கும் நடுவே ரயில் பாதை 1,726 கிலோமீட்டர். போன வழியே திரும்பி வந்தால் பணமும் இரண்டு நாளும் வீண். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாகப் போகும்போது ஹோ சி மின் சிட்டிக்கும், வரும்போது ஹனோயிலிருந்தும் என்று இரண்டு ஒருவழி டிக்கெட்டாகப் பாருங்கள். ஆனால் ஒவ்வொரு பக்கமும் திருச்சி முதல் கடைசி வரை ஒரே முன்பதிவாக இருக்கட்டும். தனித்தனியாக வாங்கி முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான், யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். தனித்தனி டிக்கெட் என்றால் நடுவில் அந்த நாட்டுக்குள் நுழைந்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியும் வரலாம். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களை விசா இல்லாமல் விடுகிறது, சிங்கப்பூருக்கு விசா வேண்டும். மலிவு விமானங்களில் கைப்பை பெரும்பாலும் 7 கிலோதான். அதற்குள் அடக்கிவிட்டால் பெட்டிக்கு என்று தனியாகக் கட்ட வேண்டியதில்லை. நான்கு செட் துணி போதும், கிலோ கணக்கில் துவைத்துத் தரும் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. ஒரு ஸ்வெட்டர் அவசியம். குளிர்காலத்தில் ஹனோய் நம் ஈரோடு மாதிரி இருக்காது.

ஹோ சி மின் சிட்டியில் நான்கு நாள். போர் நினைவு அருங்காட்சியகம் நுழைவு 40,000 டாங், 140 ரூபாய் கூட இல்லை. அதைப் பார்க்காமல் அந்த நாட்டைப் புரிந்துகொள்ள முடியாது. அரை நாள் ஒதுக்குங்கள், அன்று வேறு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். பென் தான் சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், வணிகத்துக்குப் போன தமிழர்கள் கட்டியது. இன்றைக்கு அங்கே ஊதுபத்தி ஏற்றிச் சுவரில் நெற்றியை வைத்து வேண்டிக்கொள்வது பெரும்பாலும் வியட்நாம் மக்கள். முதல்முறை வெளிநாடு போகிறவருக்கு இரண்டாம் நாள் போய் உட்கார நல்ல இடம்.

அங்கிருந்து தலாத் மலையூருக்குப் பஸ். சுமார் 1,500 மீட்டர் உயரம், காப்பித் தோட்டங்கள், குளிர். மூன்று நாள் போதும். அப்புறம் இரவு ஸ்லீப்பர் பஸ்ஸில் ஹோய் ஆன். ஸ்லீப்பர் பஸ்ஸில் ஏறும்போதே செருப்பைக் கழற்றி அவர்கள் தரும் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். இரவுப் பயணத்தால் ஒரு படுக்கைக் காசு மிச்சம். ஆனால் அடுத்தடுத்த இரண்டு இரவு பஸ்ஸில் படுக்காதீர்கள். விடியும் முன்பே கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள், மதியத்துக்கு மேல்தான் ஹாஸ்டலில் படுக்கை கிடைக்கும். பையை வைத்துவிட்டு முகம் கழுவ மட்டும் விடுவார்கள்.

ஹோய் ஆனில் ஐந்து நாள் இருங்கள். பழைய நகரத்துக்கு டிக்கெட் 1,20,000 டாங். சைக்கிள் நாள் வாடகை முப்பது, நாற்பதாயிரம். வயல் நடுவே கடற்கரை வரை ஓட்டிக்கொண்டு போகலாம். அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவில் மீ சன். சாம்பா மன்னர்கள் நூற்றாண்டுக் கணக்கில் கட்டிய சிவன் கோயில்கள், செங்கல்லில். 1969-ல் அமெரிக்கக் குண்டுவீச்சில் நிறைய இடிந்துபோயின. சில தொகுதிகளை நம் இந்தியத் தொல்லியல் துறைதான் போய்ச் சீரமைத்தது, 2020-ல் அந்த வேலையின்போது ஒரே மணற்கல்லில் செய்த 9-ஆம் நூற்றாண்டுச் சிவலிங்கம் வெளிப்பட்டது. நுழைவு 1,50,000 டாங். உங்கள் 1,500 ரூபாயில் அன்றைக்கு 500 இதற்கே போகும். போகட்டும். இதற்காகத்தானே இவ்வளவு தூரம் போகிறீர்கள்.

அடுத்து தா நாங் போய் அங்கிருந்து ஹுவேக்குப் பகல் ரயில் ஏறுங்கள், போகும் திசையில் வலப்பக்கம் உட்காருங்கள். ஹாய் வான் மலையைச் சுற்றிக் கடலை ஒட்டியே போகும். சுற்றுலாக்காரர்கள் காருக்குக் கொடுக்கும் காசில் சிறு பங்குகூட ஆகாது. ஹுவே இரண்டு நாள், இரவு ரயிலில் நின் பின் மூன்று நாள், கடைசி மூன்று நாள் ஹனோய். நின் பின்னிலிருந்து ஹனோய் பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான். ஹா லாங் வளைகுடாவில் இரவு தங்கும் படகுக்கு உங்கள் நான்கைந்து நாள் செலவு ஆகும். நின் பின்னில் அதே மாதிரிச் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே ஆற்றில் படகு, 2,50,000 டாங் அளவில். இந்த முறை அது போதும்.

பைக் விஷயத்தில் உங்களுக்கு வருத்தம் தரப் போகிறேன். நம் ஆர்.டி.ஓ. கொடுக்கும் இன்டர்நேஷனல் பர்மிட் 1949-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தத்தின்படி வருவது. வியட்நாம் ஒப்புக்கொள்வது 1968 வியன்னா ஒப்பந்தத்தின் பர்மிட்டை. ஆகவே நீங்கள் எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் அங்கே லைசென்ஸ் இல்லாதவர். வாடகைக் கடைக்காரர் லைசென்ஸ் கேட்காமலே சாவியைக் கொடுத்துவிடுவார், அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போலீஸ் பிடித்தால் அபராதம். அதைவிட முக்கியமானது, செல்லாத லைசென்ஸில் ஓட்டி விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் ஒரு ரூபாய் தராது. கால் முறிந்து அறுவை சிகிச்சை என்றால் உங்கள் 85,000 அடையாளம் தெரியாமல் போய்விடும். வண்டிகள் வலப்பக்கம் ஓடும் நாடு வேறு. வண்டியைப் பற்றி எல்லாம் தெரிந்த கை உங்களுடையது, ஆசை புரிகிறது. தா நாங்கிலோ ஹுவேயிலோ உள்ளூர் ஓட்டுநர் பின்னால் உட்கார்ந்து ஹாய் வான் கணவாய் ஏறலாம், ஈஸி ரைடர் என்று கேட்டால் சொல்வார்கள். ஒரு நாளுக்கு மட்டும், விலையை முன்னாலேயே பேசிக்கொண்டு. அப்படிச் செய்தால் நான் சொன்ன ரயில் தேவையில்லை. வழியில் நிறுத்தி அவர் வண்டியைப் பற்றி அவரோடு பேசலாம், மெக்கானிக்குகளுக்கு மொழி ஒரு தடையில்லை.

ஜனவரி நடுவில் கிளம்புவது பற்றி. டெட் என்கிற அவர்களின் புத்தாண்டு, ஜனவரி கடைசி வாரங்களிலிருந்து பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்குள் ஏதாவது ஒரு நாளில் வரும், நம் தீபாவளி போல நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும். பஸ், ரயில் டிக்கெட் கிடைக்காது, கிடைத்தால் விலை ஏறியிருக்கும், கடைகள் பல நாள் மூடியிருக்கும். குறைந்த பட்ஜெட்டுக்கு அது கெட்ட நேரம். அந்த வருடத் தேதியைப் பார்த்து, டெட் முடிந்து ஒரு வாரம் கழித்துப் போகிற மாதிரி லீவைத் தள்ளுங்கள். மார்ச் மாதம் தெற்கில் வெயில், நடுவில் நல்ல வானிலை, வடக்கில் கொஞ்சம் தூறல்.

விசாவை அரசு இணையதளத்திலேயே நீங்களே எடுக்கலாம், என்னைப் போன்ற ஏஜென்ட் தேவையில்லை. முகவரியின் முடிவு 'டாட் கவ் டாட் விஎன்' என்று இருக்க வேண்டும். அச்சு அசலாக அதே தோற்றத்தில் மூன்று நான்கு மடங்கு பணம் வாங்கும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வரும். 2023 ஆகஸ்ட் முதல் இ-விசா 90 நாள் வரை கொடுக்கிறார்கள். எந்த விமான நிலையத்தில் நுழைகிறீர்கள் என்று கேட்பார்கள், ஹோ சி மின் சிட்டியின் தான் சோன் நியாட்டைத் தேர்ந்தெடுங்கள். பெயர்தான் நம் ஆட்களுக்குத் தலைவலி. நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே போயிருக்கும். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இருக்கும் இரண்டு வரியில் பெயர் எப்படி இருக்கிறதோ, அதே எழுத்துகள் விசாவிலும் டிக்கெட்டிலும் வர வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் விமானத்தில் ஏற்றாமல் நிறுத்திவிடுவார்கள், கட்டிய விசாப் பணமும் திரும்ப வராது.

பணத்தில் 200 டாலர் ரொக்கமாக, அழுக்கும் கிறுக்கலும் இல்லாத நோட்டாக, ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற மாற்றுநரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். மீதியைக் கார்டில். அங்கே ஏ.டி.எம். ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிக்கும், நம் வங்கியும் பிடிக்கும், ஆகவே தினமும் எடுக்காமல் வாரத்துக்கு ஒருமுறை எடுங்கள். ரூபாயிலா, டாங்கிலா என்று திரை கேட்டால் டாங். 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் இரண்டுமே நீலம். இரவில் வண்டிக்காரரிடம் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. ஐந்து லட்சம் நோட்டைத் தனி மடிப்பில் வையுங்கள். விமான நிலையத்திலிருந்து நகருக்கு அரசு பஸ்ஸிலோ கிராப் செயலி வண்டியிலோ போங்கள், வாசலில் கையைப் பிடித்து இழுப்பவர் யாரோடும் போகாதீர்கள்.

நம் ஊர்க் குடியகல்வு மேசையில் கேள்வி கேட்பார்கள் என்று எதிர்பாருங்கள். முன்னால் சொன்ன வேலை மோசடியால், தனியாக அந்தப் பக்கம் போகும் இளைஞர்களை நன்றாகவே விசாரிக்கிறார்கள். அது உங்கள் நன்மைக்குத்தான். திரும்பும் டிக்கெட், முதல் நான்கு நாள் ஹாஸ்டல் முன்பதிவு, காப்பீட்டுத் தாள், வங்கிக் கணக்கு விவரம், முதலாளி கையெழுத்திட்ட லீவுக் கடிதம், இவ்வளவும் அச்சில் இருந்தால் பதற்றமில்லாமல் பதில் சொல்லலாம்.

இவற்றின் இன்னொரு நகலை அம்மாவிடம் கொடுங்கள். எந்த ஊரில் எந்தத் தேதியில் எங்கே தங்குகிறீர்கள் என்று தமிழில் எழுதி, ஹனோய் இந்தியத் தூதரகம், ஹோ சி மின் சிட்டி துணைத் தூதரகம் இரண்டின் எண்ணையும் பெரிய எழுத்தில் சேர்த்து வையுங்கள். தினமும் இரவு இத்தனை மணிக்குப் பேசுவேன் என்று சொல்லிவிட்டு அந்த நேரத்தில் பேசுங்கள். வியட்நாம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் போகிறது, அதையும் அம்மாவுக்குச் சொல்லுங்கள். போவதற்கு முன் ஒருமுறை, இதே பையோடு, தனியாக மைசூருக்கோ ஹம்பிக்கோ மூன்று நாள் போய் டார்மிட்டரியில் தங்கி வாருங்கள். கன்னடம் தெரியாத ஊரில் வழி கேட்டு, கணக்கு எழுதிச் சமாளித்துவிட்டால் உங்களுக்கும் தெம்பு வரும், அம்மாவுக்கும்.

பாஸ்போர்ட்டுக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள். போலீஸ் விசாரணைக்கு எத்தனை நாள் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, பாஸ்போர்ட் கைக்கு வருமுன் டிக்கெட் வாங்க வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும். வந்ததும் பெயர், பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், டிக்கெட் எந்த வாரத்தில் எடுப்பது என்று அப்போது பார்க்கலாம்.